தண்ணி சேர்க்கும்போது கண்ணாடி வயல்ல (சின்னக் குப்பியில) என்ன பார்த்தீங்க? (பிளாக் கோபாலிமர் அனுபவங்கள்: ரெண்டு வேற பாலிமர் துண்டு ஒட்டின சங்கிலி)

நீலமங்கல்:
பாலிஸ்டைரீன்–பாலிஅக்ரிலிக் ஆசிட், டிஎம்எஃப்ங்கிற கரைப்பான்ல 1 சதவீதம். சிரிஞ்ச் பம்ப் ரிப்பேர், அதனால கையாலேயே சொட்டுச் சொட்டா தண்ணி விட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஒரு சொட்டு கலந்ததும் வயல் முழுக்க லேசான நீலம், ஊதுபத்திப் புகை மாதிரி. மைசெல் (சங்கிலிகள் கூடின நுண்ணுருண்டை) பிறக்கிறதைக் கண்ணால பார்க்கிறேன்னு கை நடுங்கிடுச்சு. நிறுத்தத் தோணல, விட்டுக்கிட்டே இருந்தேன். நீலம் போய் நீராகாரம் மாதிரி வெளுத்துடுச்சு. கெட்டுப்போச்சுன்னு வேஸ்ட் கேன்ல ஊத்திட்டு ரூமுக்குப் போயிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சுத்தான் இதே பாலிமர் பத்தின ஐசன்பெர்க் குழுவோட 1995 சயன்ஸ் பேப்பரைப் படிச்சேன். நான் ஊத்தினது வெசிக்கிள்தான்னு (பை மாதிரி உள்ள குழிவான குமிழ்) இப்பவும் நினைக்கிறேன். அதுக்கப்புறம் நாலு தடவை செஞ்சாச்சு, உருண்டைதான் வருது.

தெளிவு:
எனக்கு மெத்தனால். பிஎன்ஐபிஏஎம்ங்கிற பாலிமரும் பாலிஎதிலீன் ஆக்ஸைடும் சேர்ந்த பிளாக். தண்ணியிலயும் கரையுது, மெத்தனால்லயும் கரையுது. 25 டிகிரில ரெண்டு கரைசலையும் ஒண்ணா ஊத்தினேன், கண்ணு முன்னாடியே மங்கிடுச்சு. பிஎன்ஐபிஏஎம் தண்ணியில 32 டிகிரி தாண்டினாத்தானே மங்கணும்? கைடு வயல் அழுக்குன்னார். மூணு புது வயல், மூணும் மங்கல். பிடிவாதமா இன்னும் மெத்தனால் ஊத்திக்கிட்டே போனேன். திடீர்னு திரை விலகின மாதிரி தெளிஞ்சது! அந்த நிமிஷம் இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு.

குச்சி:
நீலமங்கல், வெளுத்தாலே வெசிக்கிள்னு எப்படிச் சொல்றீங்க? அந்தப் பேப்பர்லயே ஸ்டைரீன் 200 யூனிட், அக்ரிலிக் 21 இருந்தா உருண்டை, 8 இருந்தா வெசிக்கிள், 4 ஆனா பெரிய பெரிய கட்டி. கட்டியும் வெள்ளையாத்தான் தெரியும். உங்களுது எத்தனை யூனிட்?

நான் டிஎச்எஃப்ங்கிற கரைப்பான்ல செஞ்சேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் கிரிட்ல காயவச்சுப் பார்த்தா குச்சி குச்சியா வந்தது, கைடுக்கும் அனுப்பிட்டேன். அதே கரைசலை கிரையோல (உறைய வச்சு) பார்த்தா வெறும் உருண்டை.

காயவச்ச கிரிட்டை நம்பாதீங்க. டிஎச்எஃப் 66 டிகிரில கொதிக்கும், அது முதல்ல பறந்துடும், மிச்சத்துல தண்ணி விகிதம் ஏறும், உருவமே மாறிடும். டிஎம்எஃப்புக்கு 153 டிகிரி, அங்க தலைகீழ், தண்ணி முதல்ல போயிடும். அதனால வேணுங்கிற கட்டத்துல கொஞ்சம் எடுத்து நிறைய தண்ணியில ஒரே மூச்சா ஊத்துங்க. பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்குக் கீழ கண்ணாடி மாதிரி இறுகிடும், உள்ள கரைப்பான் ஊறியிருக்கிற வரைக்கும்தான் சங்கிலி நகரும், இல்லேன்னா உருவம் அப்படியே நின்னுடும். அப்புறம் டயாலிசிஸ் போட்டுக் (சவ்வுப் பையில வச்சு) கரைப்பானை வெளியேத்துங்க. தண்ணியில உப்பு இருக்கான்னும் பாருங்க. துளி கால்சியம் குளோரைடு போதும், உருண்டை வெசிக்கிளாகிடும். அதையும் ஐசன்பெர்க் குழுவே 1996ல காட்டியிருக்காங்க.

நீலமங்கல்:
அக்ரிலிக் 15 யூனிட். அன்னைக்கு மில்லிக்யூ (சுத்தத் தண்ணி) மெஷின் ஓடல, பழைய கேன் தண்ணிதான் எடுத்தேன். உப்பு பத்தி யோசிக்கவே இல்ல. அந்தக் கேன் இன்னும் சிங்க்குக்குக் கீழதான் கிடக்கு. நாளைக்குக் காலைல முதல் வேலை அதுதான்.