மாங்கூழை எந்த வகையில் சேர்ப்பது? வேதியியல் ஆசிரியர்கள் உதவுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரி அருகே ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தனிமம், சேர்மம், கலவை என்ற பாடத்தை ஊரில் கிடைக்கும் பொருள்களை வைத்தே நடத்த ஆசை.

கிரானைட் துண்டு கைகொடுத்தது. கண்ணாடிபோன்ற குவார்ட்ஸ், இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பார், மினுங்கும் கறுப்பு மைக்கா மூன்றையும் பிள்ளைகளே விரல் வைத்துக் காட்டினார்கள். கல் பலபடித்தான கலவை, அதாவது பகுதிகள் தனித்தனியாகத் தெரியும் கலவை. அதிலுள்ள குவார்ட்ஸோ சிலிக்கனும் ஆக்சிஜனும் இணைந்த சேர்மம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

சிக்கல் மாங்கூழில்தான். அதில் சர்க்கரை கரைந்திருக்கிறது, பழத்துக்குக் கெட்டித்தன்மை தரும் பெக்டின் கூழ்மமாக (படியாத நுண்துகள்களாகப் பரவி) நிற்கிறது, நார்த் துணுக்குகள் தொங்கலாக (கரையாத பெரிய துகள்களாக) இருக்கின்றன. துணியில் வடித்தால் நார் பிரிகிறது. வடிதாளில் ஊற்றினால் அடைத்துக்கொள்கிறது. நீர்த்த பாலில் கூழ்மத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் டார்ச் ஒளியின் பாதை அழகாகத் தெரிகிறது; இதுதான் டிண்டால் விளைவு. மாங்கூழ் ஒளியை உள்ளேயே விடுவதில்லை.

எவ்வளவு நீர் சேர்த்து, எப்படித் தெளியவைத்தால் டிண்டால் விளைவைக் காட்டலாம்? வேகமாகச் சுழற்றித் துகள்களைப் பிரிக்கும் மையவிலக்கி எங்கள் பள்ளியில் இல்லை. ஆல்கஹால் சேர்த்தால் பெக்டின் திரிந்து பிரியும் என்பது தெரியும். அதை வகுப்பறையில் பாதுகாப்பாகச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? மாங்கூழ் ஆலைகளின் ஆய்வகங்களில் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள். அடுத்த வாரமே இந்த வகுப்பு.