பகலில் பெய்யும் எரிநட்சத்திர மழையைக் காதால் கேட்கிறேன்

ஜூன் 7ஐ ஒட்டி ஏரியட்டிட்ஸ் என்ற எரிநட்சத்திர மழை உச்சத்துக்கு வருகிறது. ரேடார் கணக்குப்படி இது ஆண்டின் வலுவான மழைகளில் ஒன்று. ஆனால் எரிநட்சத்திரமாகும் விண்வெளித் துகள்கள் கிளம்பி வருவதாகத் தெரியும் இடம் மேஷ விண்மீன்களில், சூரியனுக்குச் சுமார் 30 டிகிரி தள்ளித்தான் இருக்கிறது. அதனால் பெரும்பாலானவை வெயிலிலேயே எரிந்து முடிகின்றன. நான் இருக்கும் மான்செஸ்டர் பக்கம் ஜூனில் இரவே சரியாக இருட்டாது. கண்ணால் பார்க்க வழியில்லை என்பதால் ரேடியோவில் கேட்கிறேன்.

பிரான்ஸில் செயற்கைக்கோள்களைக் கண்காணிக்க கிரேவ்ஸ் என்ற ராணுவ ரேடார் இருக்கிறது. 143.050 மெகாஹெர்ட்ஸில் தெற்கு வானத்தை நோக்கி ஓயாமல் ஒலிபரப்புகிறது. அடிவானத்துக்குக் கீழே இருப்பதால் நேரடி சிக்னல் இங்கே வருவதில்லை. ஒரு துகள் ஏறக்குறைய 90, 100 கிலோமீட்டர் உயரத்தில் எரியும்போது அதன் பாதையில் காற்று அயனியாகிறது. அந்தத் தடத்தில் பட்டுத்தான் அலை இங்கே வந்து விழுகிறது. வெயிலோ மேகமோ அதற்கு ஒரு பொருட்டே இல்லை! சின்ன யாகி ஆன்டெனா (பழைய டிவி ஆன்டெனா மாதிரி), ரேடியோவாக வேலை செய்யும் ஒரு யூஎஸ்பி டாங்கிள், லேப்டாப், இவ்வளவுதான் வேண்டும். 143.049 மெகாஹெர்ட்ஸில், மேல் பக்கப்பட்டை (அப்பர் சைட்பேண்ட்) என்ற முறையில் வைத்தால் வெறும் இரைச்சலுக்கு நடுவே 'பிங்' என்று கேட்கும். பெரும்பாலும் ஒரு நொடிகூட நீடிக்காது. பெரிய துகள் என்றால் சில நொடிகள் ஏறி இறங்கி ஊளையிடும், மேல் காற்று அந்தத் தடத்தை வளைத்து இழுப்பதால். முதன்முதலில் அப்படி ஒன்று வந்தபோது சிலிர்த்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில், ஆள் நடமாட்டம். அதே வானத்தில் இது நடந்துகொண்டிருக்கிறது.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூமி ஓடும் திசைக்கு நாம் இருக்கும் பக்கம் முகம் காட்டும் நேரம் விடியல் என்பதால், எந்த நாளிலும் காலையில் எதிரொலி கூடும். அதை அப்படியே ஏரியட்டிட்ஸ் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மே கடைசியிலிருந்தே பதிவு செய்து ஒப்பிட வேண்டும். சாதாரண நாளில் ஏழு மணிக்கு மேல் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும். உச்ச நாட்களில் பத்து மணி தாண்டியும் விடாமல் வந்ததைக் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பகல் மழைகள் கண்டுபிடிக்கப்பட்டதே இங்கே பக்கத்தில், ஜோட்ரெல் பேங்க் என்ற வானொலி வானியல் ஆய்வகத்தில்தான். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களைத் தேடி, போரில் பயன்பட்ட ரேடாரை பெர்னார்ட் லவல் என்ற இயற்பியலாளர் மான்செஸ்டரில் நிறுவினார். டிராம் வண்டிகளின் மின் இரைச்சல் தாங்காமல், 1945 டிசம்பரில் ஜோட்ரெல் பேங்கில் இருந்த பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் இடத்துக்கு மாற்றினார். 1947 மே மாதம் எட்டா அக்வாரிட்ஸ் என்ற எரிநட்சத்திர மழையைக் கவனித்தார்கள். அது ஓய்ந்த பிறகும், கோடை முழுக்கப் பகலில் எதிரொலி வந்துகொண்டே இருந்தது. அதுவரை யாருக்கும் தெரியாத மழைகள் அவை.

ஜூன் கடைசியில் வரும் பீட்டா டாரிட்ஸ் என்ற இன்னொரு பகல் மழை, என்கே வால்நட்சத்திரக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1975 ஜூன் கடைசியில் அப்போலோ வீரர்கள் நிலவில் விட்டுவந்த நிலநடுக்கமானிகள் கல் விழுந்த அதிர்வுகளை வழக்கத்தைவிட அதிகமாகப் பதிவு செய்தன. அந்தக் கற்கள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை என்றே கருதுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு என்னைவிட வாய்ப்பு அதிகம். ஜூன் முதல் வாரத்தில் மேகம் விட்டால், சூரிய உதயத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிழக்கே பாருங்கள். எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும். ஆனால் வருவது அடிவானத்திலிருந்து கிளம்பி நீளமாகக் கோடு இழுக்கும். பார்த்தவர்கள் நேரத்தோடு எழுதுங்கள், என் பதிவோடு வைத்துப் பார்க்க ஆசை.