குவாங்ஜு மே 18: சுட்டுக் கொன்ற தெருவில் ஆடலாமா?

வைகைக்கரை:
1980 மே 18 அன்று தென்கொரியாவின் குவாங்ஜு நகரில், ராணுவத் தளபதி சுன் டூ-ஹ்வானின் ராணுவச் சட்டத்தை எதிர்த்த மாணவர்களைப் பாராசூட் படை அடித்து நொறுக்கியது. 21-ம் தேதி மாகாண அரசு அலுவலகத்தின் முன் திரண்ட கூட்டத்தைச் சுட்டார்கள். 27 விடியற்காலையில், அந்தக் கட்டடத்தை விட்டுப் போக மறுத்தவர்களையும் கொன்று நகரைப் பிடித்தார்கள். அரசுக் கணக்கிலேயே 160 பேருக்கு மேல் சாவு. காணாமல் போனவர்கள் தனி. இப்போது நினைவு நாளுக்கு முந்தைய மாலையில், அந்த அலுவலகத்தின் முன்னால் இருக்கும் அதே கும்னாம்-ரோ சாலையில் மேளம், பாட்டு, ஆட்டம் என்று விழாவே எடுக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அங்கே போய் ஆட எப்படிக் கால் வரும்? கல்லறையில் அமைதியாகத் தலைவணங்கினால் போதாதா?

தறிக்காரன்:
அண்ணே, அந்த மண்ணின் வழக்கத்தை வைத்துப் பாருங்கள். குவாங்ஜு இருக்கும் ஜொல்லா பகுதியில்தான் ஜிண்டோ தீவும் இருக்கிறது. அங்கே இறந்தவருக்கு 'சிட்கிம்குட்' என்று ஒரு சடங்கு. நீளமான வெள்ளைத் துணியில் முடிச்சுகள் போட்டு, பாடி ஆடிக்கொண்டே ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள். அவிழ்வது இறந்தவரின் மனக்குறை. அப்புறம் இன்னொரு துணியை இழுத்துப் பிடிப்பார்கள், அது ஆவி போகிற பாதை. அடக்கத்துக்கு முந்தின ராத்திரி இழவு வீட்டிலேயே ஆடிப்பாடிச் சிரிக்க வைக்கும் கூத்தும் அங்கே உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கு ஆட்டம் துக்கத்துக்கு வெளியே இருக்கிற சமாச்சாரம் இல்லை.

மழைக்காகிதம்:
அதே சுன் டூ-ஹ்வான் ஆட்சியை எதிர்த்து நடந்த 1987 போராட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூன் 9 அன்று சியோலின் யோன்செய் பல்கலைக்கழக வாசலில் கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் பட்டு விழுந்த மாணவர் லீ ஹான்-யோல், ஜூலை 5-ல் இறந்தார். குவாங்ஜுவில் படித்து வளர்ந்த பிள்ளை. இறுதிச் சடங்கில் சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லீ ஏ-ஜு வெள்ளை உடையில் வந்து ஆடினார். ஓவியர் சோய் பியோங்-சு அந்த மாணவருக்காக வரைந்த பிரம்மாண்டமான தொங்குசீலையில் "ஹான்-யோலை உயிரோடு கொண்டு வா" என்று எழுதியிருந்தது. அந்த ஆட்டமும் ஓவியமும் அவமரியாதை என்று உங்களால் சொல்ல முடியுமா?

வைகைக்கரை:
அது பிணம் இன்னும் மண்ணுக்குப் போகாத நேரம், தம்பி. ஆட்சியும் எதிரில் நின்றது. ஆடியவர் தன் வேலையையே பணயம் வைத்து ஆடினார். ஆண்டுதோறும் அனுமதி வாங்கி, மேடை போட்டு, ஒலிபெருக்கி கட்டி ஆடுவதை அதோடு சேர்க்காதீர்கள்.

செங்கல்சூளை:
வைகைக்கரை ஐயா சொல்வதில் பாதி எனக்கும் சரி. ஆட்டம் இருக்கட்டும், கலை என்ற பெயரில் நிறுவனங்கள் செய்ததைப் பாருங்கள். மாகாண அலுவலக வளாகத்தில் 2015-ல் ஆசியப் பண்பாட்டு மையம் திறந்தார்கள். அதற்காகப் பழைய கட்டடத்தின் உள்பகுதியை மாற்றியதில் 1980-ன் தடயங்களே அழிந்தன. பிறகு அந்த வயதான தாய்மார்தான் அங்கே போய் உட்கார்ந்து, பழையபடி மீட்டுத் தரச் சொல்லிப் போராடினார்கள். குவாங்ஜு பினாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சியில் 2014-ல், அப்போதைய அதிபர் பார்க் குன்-ஹேயைக் கேலி செய்ததாக ஹோங் சியோங்-டாமின் ஓவியத்தைத் தொங்க விடவில்லை. மே படுகொலையை மரச்செதுக்கு அச்சுகளில் பதிந்த ஓவியருக்கே, அந்த நினைவின் பேரில் பிறந்த கண்காட்சியில் இந்தக் கதி!

தறிக்காரன்:
இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன். நிறுவனம் கெடுத்தது, உண்மை. அதனால்தான் ஜனங்களே இறங்கிச் செய்வது முக்கியம். நினைவு நாளில் எல்லாரும் சேர்ந்து பாடிவந்த பாட்டை, 2009-லிருந்து சில ஆண்டுகள் மேடைக் குழு மட்டும் பாடட்டும் என்று ஆட்சியாளர்கள் மாற்றினார்கள். பாட்டு அதேதான், வரி அதேதான். அவர்களுக்கு உறுத்தியது ஊரே வாய் திறந்து பாடுவதுதான். 2017-ல் மூன் ஜே-இன் அதிபராக வந்த பிறகே மறுபடி எல்லாரும் பாடினார்கள். ஆட்டத்துக்கும் அதே கணக்குதான். சும்மா நின்று பார்க்கிற ஜனத்தால் எந்த அரசுக்கும் தொந்தரவில்லை.

மழைக்காகிதம்:
சோற்று உருண்டையை மறந்துவிட்டோமே. 21-ம் தேதி சுட்ட பிறகு 27 வரை ராணுவம் நகரை விட்டுப் பின்வாங்கியிருந்த அந்த நாட்களில் சந்தைப் பெண்கள் தெருவிலேயே அண்டா வைத்துச் சோறு பொங்கி, உப்புப் போட்டு உருட்டி எல்லாருக்கும் கொடுத்தார்கள். இப்போதும் மே மாதத்தில் அதே போல உருட்டி, வருகிறவர்கள் கையில் கொடுக்கிறார்கள். சாப்பிடுவது சரி என்றால் ஆடுவது மட்டும் எப்படித் தப்பு?

வைகைக்கரை:
சோறு அன்றைக்கு அங்கே நடந்தது, அதைத் திரும்பச் செய்கிறார்கள். 1980 மே 20 அன்று டாக்சிகளும் பேருந்துகளும் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ராணுவத்தை நோக்கி வந்தன. ஓட்டுநர்கள் அதை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். அதுவும் எனக்குச் சம்மதம். இறந்தவரின் வீட்டார் முன்நின்று முடிச்சு அவிழ்த்தால், அங்கேயும் நான் வாய் திறக்க மாட்டேன். வெளியூர்க் கலைக்குழுவைக் கூட்டி வந்து, சுற்றுலாத் துண்டறிக்கையில் நேரம் போட்டு ஆடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

செங்கல்சூளை:
அப்படியானால் கேள்வி, யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான். தாய்மார் சங்கத்தைக் கேட்காமல் அந்தத் தெருவில் ஒரு தப்படி கூட வைக்கக் கூடாது.

தறிக்காரன்:
இதில் எனக்கு உடன்பாடில்லை. 1980-ல் தெருவுக்கு வந்தவர்கள் யாரையும் கேட்டுவிட்டு வரவில்லை. தாய்மார் முன்வரிசையில் இருக்கட்டும், ஆனால் ஆட்ட வட்டத்துக்குள் வர எவருக்கும் அனுமதிச் சீட்டு கூடாது.