விஆர்சாட் வாரச் சந்திப்பு: மனநலத்தை அளக்க உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். விஆர்சாட்டில் (தலையில் விஆர் ஹெட்செட் மாட்டியோ கணினியிலோ நுழைந்து, மற்றவர்களோடு பேசிப் பழகும் மெய்நிகர் உலகம்) வாராந்திரச் சந்திப்பு தொடங்குகிறோம். அங்கே அமையும் நட்பு தனிமையைக் குறைக்கிறதா என்றும் அளக்கப் போகிறோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 5 கேள்விப் படிவம் கடந்த இரண்டு வார மனநிலையைக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5; கூட்டி 4 ஆல் பெருக்கினால் 100க்கு மதிப்பெண். 50க்குக் கீழே வந்தால் மனச்சோர்வு இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்கச் சொல்லவேண்டும், சும்மா விடக்கூடாது.

சிக்கல் இதுதான்: ஏற்கெனவே தனிமையில் இருப்பவர்களே அதிக நேரம் உள்ளே இருக்கலாம். வெறும் மணிக்கணக்கை வைத்துக் காரணம் எது, விளைவு எது என்று பிரிக்க முடியாது. எனவே சேரும் முன்பே ஒருமுறை அளக்கிறோம். யாரோடு பேசினார்கள் என்பதையும் குறிக்கிறோம். பாதியில் விலகுபவர்களை விட்டுவிட்டால் முடிவு பொய்யாக நல்லதாகத் தெரியும். அவர்களிடம் எப்படித் தொடர்ந்து கேட்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பப்ளிக் அறையில் முன்பின் தெரியாதவர்களின் தொல்லை உண்டு. அதனால் அழைத்தவர்கள் மட்டும் வரக்கூடிய இன்வைட் அறைதான். கணினியில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சேஃப் மோட், அதாவது சுற்றியிருப்பவர்களின் தொல்லையைத் தடுக்கும் பாதுகாப்பு நிலை, வரும். இதை முதல் நாளே எல்லோருக்கும் பழக்குவோம்.

தமிழ்ப் படிவத்தைச் சரிபார்க்க உளவியல் படித்தவர் ஒருவரும், ஹெட்செட் தலைசுற்றலைச் சமாளிக்கத் தெரிந்தவரும் அவசரமாகத் தேவை.