புயல் நிவாரணம்: பொருள் சேர்த்துவிடலாம், கொண்டுசேர்ப்பது எப்படி?

நொய்யல்கரை:
வணக்கம் நண்பர்களே. கோவையில் கல்லூரி முன்னாள் மாணவர்கள் ஒரு குழுவாக இருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாலேயே இந்த முறை திட்டமிட்டு வைக்கலாம் என்று யோசனை. ஒரு நண்பரின் குடோன் காலியாக இருக்கிறது, ஒரு லாரியும் வாடகை இல்லாமல் கிடைக்கும். அரிசி, தண்ணீர் பாட்டில், துணி, போர்வை எல்லாம் இப்போதே வாங்கி அடுக்கிவிடலாமா? அங்கே போனால் யாரிடம் ஒப்படைப்பது? களத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பளத்தான்:
நான் வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்த பிறகு எங்கள் பகுதியில் பொருள் பிரித்துக் கொடுக்கிற வேலையில் இருந்தவன். பொருளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் சகோ. எந்த ஊர், அங்கே இறக்க யார் நிற்பார்கள், எந்த வண்டி உள்ளே போகும், இதெல்லாம் தெரிந்த பிறகு பொருளை யோசியுங்கள்.

அப்போது வந்த லாரிகள் நிறைய மெயின் ரோட்டிலேயே காலியாகிவிட்டன. ரோட்டோர ஊர்க்காரர்கள் மறித்து வாங்கிக்கொண்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் வீட்டிலும் கூரை இல்லை. ஆனால் தென்னையும் மின்கம்பமும் குறுக்கே விழுந்து கிடந்த உள் கிராமங்களில் பெரிய லாரி திரும்பவே இடம் கிடையாது. ரோட்டை ஒட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கி, அங்கிருந்து குட்டியானையில் மாற்றிக் கொண்டுபோனவர்கள்தான் கடைசி வீடு வரைக்கும் போனார்கள்.

அப்புறம் டோக்கன். முந்தின நாளே உள்ளூர் ஆளோடு இரண்டு பேர் வீடு வீடாகப் போய் நோட்டில் எழுதி, ஊர்ப் பெயரும் வரிசை எண்ணும் போட்ட சீட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும். ரேஷன் அட்டையை மட்டும் வைத்துக் கொடுத்தால் ஒரே அட்டையில் இருந்துகொண்டு தனி உலை வைக்கிற குடும்பங்கள் விட்டுப்போகும், பேரன் வீட்டு அட்டையில் பெயர் இருக்கிற, தனியாக வசிக்கிற பாட்டியும் விட்டுப்போவார்.

லோடு_மணி:
சரக்குப் போக்குவரத்துதான் என் தொழில், அதனால் ஏற்றுவது பற்றி. கடைசி ஊரில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்றுங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பை என்று கோவையிலேயே கட்டிவிடுங்கள், அங்கே மழையில் நின்று மூட்டையைப் பிரித்து அளந்துகொண்டிருக்க முடியாது. முழங்கால் தண்ணீரில் ஒரு வயதான அம்மா தூக்கிக்கொண்டு நடக்கிற எடைக்கு மேல் பை போகக் கூடாது.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். குடிக்க, சமைக்க, குளிக்க என்று ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பதுதான் ஸ்பியர் என்கிற சர்வதேச நிவாரண அளவுகோல். 200 குடும்பம், வீட்டுக்கு 4 பேர் என்றால் 12,000 லிட்டர், அதாவது 12 டன், அதுவும் ஒரே நாளைக்கு! முதல் ஓரிரு நாள் குடிக்க மட்டும் பாட்டில் சரி. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன, மேல்நிலைத் தொட்டியும் மோட்டாரும் நன்றாக இருந்த ஊரில்கூட கரண்ட் இல்லாததால்தான் தண்ணீர் ஏறவில்லை. அந்த இடத்துக்கு ஒரு ஜெனரேட்டர், டீசல், அதை ஓட்டத் தெரிந்த ஒரு ஆள் அனுப்பினால் எத்தனையோ லாரி பாட்டிலுக்குச் சமம்.

நாகை_அக்கா:
தம்பி, பழைய துணி வேண்டவே வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் ரோட்டோரம் மலை மலையாகக் கிடந்து நனைந்து நாறியது, அதை அள்ளுவதே தனி வேலையாகிவிட்டது. எல்லாம் இழந்து நிற்கிறவர்களுக்குக் கிழிந்த துணியை நீட்டுவது அவமானப்படுத்துவதும்கூட. புது நைட்டி, லுங்கி, உள்ளாடை, நாப்கின் வாங்குங்கள், நாப்கினைப் பெண்கள் கையால் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மாத்திரை மருந்தை ஆளாளுக்குச் சேர்த்து அனுப்பாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அவர்கள் சொல்வதை மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றி. அப்படியென்றால் குடோனில் இப்போது எதையுமே வைக்க வேண்டாமா?

உப்பளத்தான்:
கெடாததை வையுங்கள். தார்ப்பாய், நைலான் கயிறு, கொசுவலை, பக்கெட், சோலார் விளக்கு. தார்ப்பாயோடு கயிறு கட்டாயம், இல்லாவிட்டால் முதல் காற்றில் பறந்துவிடும். அரிசி பருப்பை அந்தந்த மாவட்டத்திலோ பக்கத்து மாவட்டத்திலோ வாங்குங்கள், கடை திறந்த பிறகு அந்த வியாபாரியும் பிழைக்க வேண்டுமே.

இன்னொன்று, முதல் நாளே கிளம்பாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது ஸ்ரீவைகுண்டம் பக்கம் ரோடே இல்லாமல் ஹெலிகாப்டரில்தான் சாப்பாடு போட்டார்கள். அந்த நேரத்தில் வெளியூர் லாரி போனால் மீட்பு வண்டிக்கு இடைஞ்சல்தான். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு (அந்த மாவட்டத்து எஸ்டிடி கோடு போட்டு 1077) பேசி, எந்த ரோடு திறந்திருக்கிறது, எந்த ஒன்றியத்துக்கு இன்னும் எதுவும் போகவில்லை என்று கேட்டுக்கொண்டு வண்டியை எடுங்கள்.