பழைய கார் பேட்டரியில் "80 சதவீதம்": அப்படியே ஆலையில் மாட்டலாமா?

அனல்: "மின்காரிலிருந்து இறக்கிய பேட்டரியில் கொள்ளளவு 80 சதவீதம் மிச்சம் இருக்கும், பெட்டியைப் பிரிக்காமலே ஆலையில் மின் சேமிப்புக்கு மாட்டலாம்" என்று சுடரொளி பக்கத்து இழையில் எழுதியிருக்கிறார். எந்த 80? பழைய நிசான் லீஃப் மின்காரின் பேக்கில் (முழு பேட்டரிப் பெட்டி) 48 மாட்யூல் (செல் கட்டு), ஒரே தொடரில் 96 செல் ஜோடி. 95 ஜோடி 80-இல் இருந்து ஒன்று 62-க்கு இறங்கியிருந்தால், அது தீர்ந்ததும் தொடர் முழுதும் நிற்க வேண்டும்; பேக் தருவது 62தான்.

சுடரொளி: முடுக்கும்போது கார் 2.5 சி இழுக்கும் (1 சி என்றால் ஒரு மணி நேரத்தில் பேட்டரியை முழுதும் காலியாக்கும் வேகம்). ஆலையின் உச்சச் சுமையைக் குறைக்க 0.5 சி போதும். மின்னோட்டம் ஐந்தில் ஒன்று, வெப்பம் இருபத்தைந்தில் ஒன்று. உள்தடை இரட்டித்திருந்தாலும் என்ன ஆகிவிடும்?

அனல்: வெப்பத்தையா கேட்டேன்? 80-ஐக் கேட்டேன். 60 கிலோவாட் மணி பேக்கில் 80 சதவீதம் 48. அதையும் 15-85 சதவீத சார்ஜ் வரம்புக்குள் ஓட்டினால் கைக்கு வருவது 33.6. ஒரு மணி நேரம் 500 கிலோவாட் குறைக்கவே 15 பேக் வேண்டும். இதில் 62-ஐப் போட்டுக் கணக்குப் பாருங்கள்.

மாட்யூல்மணி: பிரித்துத் தரம் பார்க்கலாமே. ஜப்பானின் நமியே ஊரில் 2018 முதல் அப்படித்தான் நடக்கிறது. மல்டிமீட்டரில் வோல்டேஜ் ஒத்துவந்தால் சேர்த்துவிடலாம்.

அனல்: மல்டிமீட்டரா! எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 30 முதல் 80 சதவீத சார்ஜ் வரை ஏறக்குறைய 3.3 வோல்ட்டிலேயே நிற்கும். எந்த செல்லானாலும் வோல்டேஜ் கொள்ளளவைக் காட்டாது. மூன்று மணி நேர வேகத்தில் முழுதாக ஏற்றி, இறக்கி, ஆம்பியர் மணியை எண்ணுங்கள். பிறகு 10 விநாடி பல்ஸ் கொடுத்து உள்தடையைப் பாருங்கள். உப்பிய செல்லைச் சோதிக்கவே வேண்டாம், ஒதுக்குங்கள்.

சுடரொளி: அதனால்தான் பிரிக்காதே என்கிறேன். பிரித்தால் பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை), சீல், இன்சுலேஷன் எல்லாமே மறுசோதனை. காரின் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு) செல்லைக் காக்கும்.

கம்பிவடம்: காரிலிருந்து கேன் (காரின் உள் தகவல் இணைப்பு) செய்தி வராமல் அந்த பிஎம்எஸ் கான்டாக்டரை (பேக்கை இணைக்கும் பெரிய மின் சுவிட்ச்) மூடாது. நேரடியாக 12 வோல்ட் கொடுத்து மூடினால் பாதுகாப்பே போச்சு. பேரலலில் இரண்டு பேக்குக்கு 10 வோல்ட் வித்தியாசம், மொத்தத் தடை 0.2 ஓம் என்றால் மூடிய நொடியே 50 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். வோல்டேஜ் வித்தியாசத்தைச் சமாளிக்க, பேக்குக்கு ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டர் வையுங்கள்.

சுடரொளி: கன்வெர்ட்டர் செலவை நீங்கள் தருவீர்களா? லெட் ஆசிட் இழையிலும் இரண்டு பேரும் இப்படித்தான் சேர்ந்து வந்தீர்கள்.

அனல்: லெட் ஆசிட்டை இழுக்காதீர்கள். பிஎம்எஸ் இல்லாமல் அந்த 62 சதவீத ஜோடி பூஜ்ய வோல்ட்டை நோக்கிச் சரிந்தால் உள்ளே செம்புப் படலம் கரையும், மறுபடி சார்ஜ் ஏற்றும்போது படிந்து ஷார்ட் ஆகும். எந்த 80 என்று இன்னும் சொல்லவில்லை.

சுடரொளி: காரின் திரை காட்டும் 80. எத்தனை முறை கேட்டாலும் அதுதான்.