‘உறக்க மூச்சடைப்பு’: கலைச்சொல் குறித்து

வணக்கம் அண்ணா,

மலேசியாவின் சுங்கை சிப்புட் பாலர்பள்ளிப் பெற்றோருக்கான துண்டறிக்கை வரைவில் ‘ஸ்லீப் அப்னியா’வுக்கு (தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்) ‘உறக்க மூச்சின்மை’ என்று போட்டிருக்கிறீர்கள். கிரேக்க மூலத்துக்கு அது பொருந்தும். ஆனால் தோட்டத்து லயங்களில் ‘மூச்சு நின்னு போச்சு’ என்றால் ஆள் இறந்துவிட்டார் என்று பொருள், தாய்மார் பதறிப்போவார்கள். ‘மூச்சுத்திணறல்’ ஏற்கெனவே ஆஸ்துமாவுக்குப் போய்விட்டது. ‘தொண்டையடைப்பு’ம் ஆகாது, தொண்டை அடைப்பான் என்பது டிப்தீரியா.

‘உறக்க மூச்சடைப்பு’ என வைப்போம். இந்நோயில் பிள்ளை மூச்சிழுக்க முயல்கிறது, வழிதான் அடைபடுகிறது. பெரும்பாலும் தொண்டையிலுள்ள டான்சிலும் மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு என்ற சதையும் பெருத்திருப்பதே காரணம். சட்டையைக் கழற்றிவிட்டுத் தூங்கும் பிள்ளையைப் பார்த்தால் போதும்: வயிறு எழும்பும்போது நெஞ்சு உள்வாங்கும், கழுத்துக்குழி இழுக்கும், குறட்டை சட்டென்று அறுந்து ஒரு திணறலோடு திரும்பும். (மூன்று வயதுக்குள் நெஞ்சு உள்வாங்குவது கனவுறக்கத்தில் இயல்பாகவும் நடக்கும்.) மூளையிலிருந்தே ஏவல் வராத வகையில் நெஞ்சு அசையவே அசையாது. அதற்கு ‘உறக்க மூச்சோய்வு’.

---

தங்கச்சி,

‘மூச்சடைப்பு’ நல்ல சொல். ஆனால் ‘மூக்கடைப்பு’க்கும் இதற்கும் இரண்டெழுத்துதான் வேறுபாடு. கிளினிக் கவுன்டரில் காது மாறிக் கேட்டால் சளிமருந்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘உறக்க’ என்ற அடைமொழியை ஓரிடத்திலும் விடக்கூடாது.

மூச்சு 10 விநாடி தடைபட்டால்தான் கணக்கு என்ற அளவை நீக்கிவிட்டேன், அது பெரியவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு இரண்டு மூச்சுக்கான நேரம் அடைபட்டாலே கணக்கில் வரும். உறக்க ஆய்வில் இத்தகைய தடைகளின் எண்ணிக்கை மணிக்கு 1-க்கு மேல் போனால் இயல்பில்லை, 10-ஐத் தாண்டினால் கடுமை.

துண்டறிக்கையில் இதயம் பற்றிய பகுதியில் ‘நுரையீரல் இரத்தக் கொதிப்பு’ என்றிருந்ததை ‘நுரையீரல் தமனி மிகையழுத்தம்’ ஆக்கியிருக்கிறேன். ஆக்சிஜன் இறங்கும்போதெல்லாம் நுரையீரலின் நுண்தமனிகள் சுருங்குகின்றன. கடுமையான அடைப்பு மாதக்கணக்கில் நீடித்தால் அங்கே அழுத்தம் ஏறி, வலக்கீழறை தடித்து, கடைசியில் தளர்ந்துபோகலாம். ‘கொதிப்பு’ என்று எழுதினால் கையில் பட்டி கட்டிப் பார்த்து ‘நார்மல்’ என்று நிம்மதியாகிவிடுவார்கள். இந்த அழுத்தம் அந்தப் பட்டியில் தெரியாது, எக்கோ (இதய ஒலியலைப் படம்) போன்ற சோதனையில்தான் பிடிபடும்.

---

சரி அண்ணா. ஒன்று மட்டும்: அடினாய்டை ‘மூக்குச் சதை’ என்று விடவேண்டாம், மூக்கினுள் வளரும் பாலிப்பையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘பின்மூக்குச் சதை’ என்று எழுதுங்கள். வாயைத் திறந்து டார்ச் அடித்தால் டான்சில் தெரியும், இது தெரியாது. ஏன் என்பது பெயரிலேயே இருக்கும்.